ஒன்பதாம் வகுப்பில் திடலை விட்டு விலகும் மாணவிகள்: காரணம் ஆர்வமின்மைதானா?

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர், கடலூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவிகள் மணி அடித்ததும் திடலுக்கு ஓடிவந்து, நான் விசிலை எடுப்பதற்குள் கோ-கோவுக்கு இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பார்கள். எட்டாம் வகுப்பின் நடுவில் இந்தக் கூட்டம் கரையத் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு ஐந்தாறு மாணவிகள் விளையாடினாலே பெரிது என்ற நிலை வந்துவிடுகிறது. மற்றவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வயிற்றுவலி, தலைவலி, முடிக்காத வீட்டுப்பாடம், காலணி கொண்டுவரவில்லை என்று ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அதே வகுப்பு மாணவர்களிடையே இதற்கு நேர்மாறாக, விளையாடாமல் இருப்பவனைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அக்கம்பக்கப் பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டிகளுக்கு அணி அனுப்பும்போது இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரிகிறது. 14 வயதுக்குட்பட்ட மாணவியர் பிரிவில் நான் ஆட்களைத் தேர்வு செய்கிறேன். 17 வயதுக்குட்பட்ட பிரிவில் ஆட்களைச் சேர்ப்பதற்கே கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசினால், "அவர்களுக்கு ஆர்வமில்லை, வற்புறுத்தி என்ன பயன்?" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு இந்த விளக்கத்தில் நிறைவு ஏற்படவில்லை. ஆர்வம் என்பது ஒவ்வொருவரின் தனிப்பட்ட இயல்பாக இருந்தால், அது ஏன் ஒரே வயதில், ஒரே பாலினத்தவரிடம், ஊருக்கு ஊர் இதேபோல வற்றிப்போக வேண்டும்? குடும்பம், தோழிகள், ஊரார், பள்ளி ஆகியவற்றில் எதன் செல்வாக்கு இந்த முடிவில் அதிகம் என்பதையும், ஆசிரியராக நான் எந்த இடத்தில் கை வைக்க முடியும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கல்லூரி உடற்கல்வி இயக்குநர், மதுரை

வணக்கம் ஐயா. நான் பூப்பந்து ஆடி வளர்ந்தவள். இப்போது மகளிர் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். உங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் நின்றுபோனவர்கள்தான் ஐந்து ஆண்டுகள் கழித்து எங்கள் கல்லூரிக்கு வந்து, "பள்ளியில் நன்றாக ஓடுவேன் மேடம், பிறகு விட்டுவிட்டேன்" என்கிறார்கள். ஏன் விட்டாய் என்று கேட்டால் முதலில் பெரும்பாலும் "சும்மாதான்" என்ற பதிலே வருகிறது. பழகிய பிறகு சொல்லும் காரணங்கள் வேறு.

முதலாவது, பூப்பெய்திய பிறகு வீட்டில் விதிக்கப்படும் கட்டுப்பாடுகள். மஞ்சள் நீராட்டு விழாவில் பந்தல் போட்டு ஊரைக் கூட்டி அறிவித்த பிறகு, அந்தப் பெண்ணின் நடமாட்டம் குறித்துக் கருத்துச் சொல்லும் உரிமை அத்தை, பெரியம்மா, எதிர்வீட்டுக்காரர் என எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது. பல வீடுகளில் தாயும் தந்தையும் விளையாட்டை நேரடியாகத் தடுப்பதில்லை. "இன்னும் என்ன பையன் மாதிரி குதிச்சிக்கிட்டு?" என்று உறவினர் ஒருவர் கேட்கும்போது பெற்றோர் அமைதியாக இருந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த அமைதியின் பொருள் அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே புரிந்துவிடுகிறது.

இரண்டாவது, வெயிலும் நிறமும். நம் ஊரில் இதைப் பேசாமல் பெண்களின் விளையாட்டைப் பற்றிப் பேசுவது வீண். "கறுத்துப் போயிடுவே, அப்புறம் யாரு கட்டிக்குவா?" என்ற ஒற்றை வாக்கியம் எத்தனை ஓட்டக்காரிகளை நிழலுக்குள் தள்ளியிருக்கிறது என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. நண்பகல் வேளையில் உடற்கல்விப் பாடவேளையை வைக்கும் கால அட்டவணையும் இந்தப் பேச்சுக்குத் துணைபோகிறது.

மூன்றாவதாக உடை. சுடிதாரும் அதன்மேல் அணியும் கோட்டும் வகுப்பறைக்குப் பொருந்தலாம். குனிந்து ஓடும் கபடிக்கும் கோ-கோவுக்கும் அவை இடைஞ்சல். விளையாட்டு உடைக்கு மாறலாம் என்றால் மாறுவதற்கு மறைவான இடம் வேண்டும், டிராக் பேண்ட் வாங்கப் பணம் வேண்டும், அதை அணிந்துகொண்டு மாணவர்கள் நிற்கும் வராந்தாவைக் கடக்கும் துணிச்சலும் வேண்டும். மாதவிடாய் நாட்களை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு அரசு 2011 முதல் புதுயுகம் திட்டத்தின்கீழ் நாப்கின் வழங்கிவருவது பெரிய உதவிதான். ஆனால் தண்ணீர் வராத, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை உள்ள பள்ளியில் அந்த உதவி பாதியிலேயே நின்றுவிடும். அந்த நாட்களில் ஒரு பெண் "வயிற்றுவலி" என்று ஓர் ஆண் ஆசிரியரிடம் சொல்வதே பெரிய காரியம். நீங்கள் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டால், அடுத்த மாதம் அவள் எதையும் சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுவாள்.

எங்கள் மதுரைப் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய ரேவதி வீரமணி, சக்கிமங்கலத்தைச் சேர்ந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த அவரையும் அவருடைய தங்கையையும் கூலி வேலை செய்த பாட்டிதான் வளர்த்தார். பேத்திகளையும் வேலைக்கு அனுப்பச் சொன்ன உறவினர்களின் பேச்சை அந்தப் பாட்டி கேட்கவில்லை. அப்படிப்பட்ட பாட்டியே பேத்தியை விளையாட்டுக்கு அனுப்பத் தொடக்கத்தில் தயங்கினார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. ரேவதி வெறுங்காலுடன் ஓடியதைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், பாட்டியிடம் பேசிச் சம்மதம் பெற்றார். லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழிசெய்தார். இதில் ரேவதியின் ஆர்வத்தை யாரும் வளர்க்க வேண்டியிருக்கவில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்களிடம்தான் வேலை இருந்தது.

விளையாட்டு ஒதுக்கீட்டைச் சொல்லிப் பெற்றோரை இணங்க வைக்கலாம் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். அரசு வேலையில் 3% ஒதுக்கீடும், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்களும் இருப்பது உண்மைதான். பெற்றோர் கூட்டத்தில் அவற்றைச் சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தப் பலன்கள் 17, 18 வயதில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. நம் பெண்கள் 13 வயதில் நின்றுவிடுகிறார்கள். இடையிலுள்ள நான்கைந்து ஆண்டுகளைக் கடக்க வைப்பதற்கு ஒதுக்கீட்டால் முடியாது.

பதில்: பொதுச் சுகாதார ஆய்வு மாணவர், வேலூர்

இயக்குநர் அம்மா சொன்னவற்றோடு ஒரு புள்ளிவிவரத்தையும் அதற்குள் ஒளிந்திருக்கும் சிக்கலையும் சேர்க்க விரும்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளைச் சேர்ந்த 11 முதல் 17 வயது வரையிலான பள்ளி மாணவர்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேர உடலியக்கம் என்ற பரிந்துரையை எட்டாதவர்கள் உலக அளவில் 81%. மாணவிகளில் 85%, மாணவர்களில் 78%. இந்தியாவின் நிலை உலகச் சராசரியைவிடச் சற்றே நன்று: இங்கே எட்டாதவர்கள் ஏறத்தாழ 74%. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான இடைவெளியும் இங்கே குறைவு. இதைப் படித்ததும் நம் மாணவிகள் பரவாயில்லை என்று தோன்றும். இதற்கு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கத்தைப் பாருங்கள்: மாணவர்களுக்குத் தெருவிலும் திடலிலும் ஆடும் கிரிக்கெட் காரணமாக இருக்கலாம், மாணவிகளுக்கு அவர்கள் செய்யும் வீட்டு வேலை காரணமாக இருக்கலாம்.

அதாவது குடம் தூக்குவதும், வீடு கூட்டுவதும், துணி துவைப்பதும் சேர்ந்துதான் நம் பெண்களின் உடலியக்கக் கணக்கைத் தூக்கி நிறுத்துகின்றன என்று கொள்ள இடமிருக்கிறது. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. இது 6 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்த கணக்கு. பள்ளி மாணவிகளின் பங்கு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் தாய் வேலைக்குப் போகும் வீட்டில் மாலை நேரப் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதை உங்கள் வகுப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே ஆசிரியர் ஐயா, ஓரமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் சோம்பேறி அல்லள்; விடியற்காலையிலிருந்து வேலை செய்துவிட்டு வந்து, பள்ளியில் கிடைத்த நாற்பது நிமிடத்தில் உட்கார்ந்து தோழியோடு பேச விரும்புகிறவளாகவும் அவள் இருக்கக்கூடும். உடல் நலத்துக்காக விளையாடு என்று அவளிடம் சொன்னால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும்.

இன்னொன்று. வசதி பெருகினால் இது தானாகச் சரியாகும் என்றும் எண்ண வேண்டாம். அதே ஆய்வில் தென் கொரிய மாணவிகளில் 97% பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பணமும் திடலும் உள்ள நாட்டில் தேர்வு ஒன்றே வாழ்க்கை என்றானால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. நம் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புகளும் அந்த வழியில்தான் போகின்றன. உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையில் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை இங்கே இருந்தது.

பதில்: ஒரு மாணவியின் தாய், திருப்பூர்

மேலே எழுதியவர்கள் எல்லோரும் படித்தவர்கள், நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பெற்றோர் என்றாலே ஊர்ப்பேச்சுக்குப் பயந்தவர்கள் என்பதுபோல ஒரு தோற்றம் வந்துவிட்டது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். ஆர்டர் நெருக்கடி இருந்தால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வர இரவாகிவிடும். என் மகள் எறிபந்து நன்றாக ஆடுவாள். பள்ளி விட்ட பிறகு பயிற்சி வைத்தால் முடிய ஆறு மணி ஆகும். அதற்கு மேல் எங்கள் பகுதிக்கு வரும் நகரப் பேருந்து எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எங்களுக்குக் காசு பிரச்சினை இல்லை. இருட்டிய பிறகு பேருந்து நிறுத்தத்தில் அவள் தனியாக நிற்பதுதான் பிரச்சினை. இதை ஊருக்குப் பயப்படுவது என்று யாரும் சொல்லக் கூடாது.

பயிற்சியாளர் யார், அவர் எப்படிப்பட்டவர், வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப் போகும்போது கூட வரும் ஆசிரியை யார், இரவு எங்கே தங்க வைப்பீர்கள் என்பவற்றை நாங்கள் கேட்டால் சில ஆசிரியர்களுக்குக் கோபம் வருகிறது. 2023இல் நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்த மல்யுத்த வீராங்கனைகளே பாலியல் புகார்களுடன் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்ததை நாங்களும் தொலைக்காட்சியில் பார்த்தோம். உலகம் அறிந்த அவர்களுக்கே அந்த நிலை என்றால், எங்கள் பிள்ளைக்காக யார் பேசுவார்கள் என்று ஒரு தாய் நினைப்பதில் தவறு என்ன?

என் மகள் இப்போது விளையாடுகிறாள். அவள் பள்ளியில் புதிதாக வந்த ஆசிரியை பயிற்சியைக் காலை எட்டு மணிக்கு மாற்றினார். ஒரே தெருவிலிருந்து போகும் நான்கு பிள்ளைகளைச் சேர்ந்தே வரச் சொன்னார், சேர்ந்தே திரும்ப வைத்தார். வெளியூர் போகும்போது தன் கைப்பேசி எண்ணை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் அவரே அழைத்துச் சொல்கிறார். எங்கள் மனத்தை மாற்றுவதற்கென்று அவர் ஒரு சொற்பொழிவும் ஆற்றவில்லை.

பதில்: பாடசாலை ஆசிரியர், யாழ்ப்பாணம்

வணக்கம். கடல் தாண்டியிருந்து எழுதுகிறேன். எங்களுடைய பாடசாலை முறையில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றும், உங்களைப் போலவே நாங்களும் திணறுகிற ஒன்றும் இருக்கின்றன.

இங்கே ஆண்டின் முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி, அதாவது பாடசாலைக்குள்ளேயே 'இல்லங்கள்' (ஹவுஸ்) என்று பிரித்த அணிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி, நடைபெறும். பாடசாலையிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஏதேனும் ஓர் இல்லத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். ஓடத் தெரிந்த பிள்ளை ஓடும். ஓடாத பிள்ளைக்கு அணிநடை, இல்ல அலங்காரம், உடற்பயிற்சிக் கண்காட்சி என்று ஓர் இடம் கிடைக்கும். எங்களுடைய பாடசாலையில், குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கும் எந்தப் பிள்ளையும், முதலாவதாக வராவிட்டாலும், தன் இல்லத்துக்குப் புள்ளி பெற்றுக்கொடுக்கலாம். இதனால் வகுப்புத் தோழிகளின் அழுத்தம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. விளையாடுகிறவளைப் பார்த்துச் சிரிக்கிற தோழிகளே, அந்த ஒரு மாதத்துக்கு, வராமல் நிற்பவளைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். நிறைவு நாளன்று பெற்றோரும் பழைய மாணவரும் திரண்டு வருவதால், மகள் மைதானத்தில் ஓடுவதை ஊர் பார்ப்பது இங்கே வெட்கத்துக்குரிய செயலாக இல்லை.

வலைப்பந்தாட்டம் இங்கே பெண் பிள்ளைகளின் விளையாட்டாக நெடுங்காலமாக வேரூன்றியது. வழக்கமாகிவிட்டபடியால் அதற்குரிய குட்டைப் பாவாடையை யாழ்ப்பாணத்துத் தாய்மார் கேள்வி கேட்பதில்லை. வீதியில் அதே உடையோடு போனால் கேட்பார்கள். புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 2.08 மீட்டர் உயரத்தின் காரணமாகச் சிறு வயதில் கேலிக்கு ஆளானவர். அந்த உயரத்துக்கு மதிப்புக் கொடுத்தது வலைப்பந்தாட்டந்தான். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் முதன்மையான வீராங்கனை. ஒரு பிள்ளையின் உடம்பைக் குறையாகப் பார்ப்பதா வளமாகப் பார்ப்பதா என்பதைச் சூழலே முடிவு செய்கிறது. பெண்கள் உதைபந்தாட்டத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி பெயர் எடுத்ததும் பாடசாலை அதற்குத் தொடர்ந்து இடம் கொடுத்ததால்தான்.

இனித் திணறலைச் சொல்கிறேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையில் 1904 முதல் நடைபெறும் துடுப்பாட்டச் (கிரிக்கெட்) சமருக்கு இலண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் பழைய மாணவர் வந்து இறங்குகிறார்கள், பணம் சேர்க்கிறார்கள், பாண்ட் வாத்தியம் முழங்குகிறது. எந்தப் பெண்கள் போட்டிக்கும் அப்படி ஒரு கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. அத்தோடு, பாடசாலை ஒன்றரை மணிக்கு விட்டாலும் பிள்ளைகளின் பிற்பகல் முழுவதும் ரியூசனுக்குப் போய்விடுகிறது. உங்களுடைய பிளஸ் டூ போன்ற உயர்தர வகுப்புக்கு வந்த பிறகு, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியின் (கட்-ஆஃப்) முன்னால் இல்லமும் நிற்பதில்லை, வலைப்பந்தும் நிற்பதில்லை. உங்களுக்கு எட்டாம் வகுப்பில் வருகிற வீழ்ச்சி எங்களுக்குச் சில ஆண்டுகள் பிந்தி வருகிறது. அந்த அளவுக்குத்தான் எங்களுடைய முறையின் வெற்றி.

பதில்: வாசகர், வடசென்னை

பதக்கம் பெற்றவர்களைக் காட்டி ஊக்கப்படுத்தலாம் என்று யாரும் சொல்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை. எங்கள் பகுதியிலிருந்து 2008இல் கேரம் உலகச் சாம்பியனான இளவழகி வந்தார். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றார். வறுமையை வென்ற சாதனை என்று செய்திகளில் எழுதினார்கள். வடசென்னைத் தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். இங்கே கேரம் போர்டு வீட்டுத் திண்ணையிலும் சந்து முனையிலும் இருக்கிறது. ஆட வரும் பெண்ணுக்கு உடை மாற்ற வேண்டாம், பேருந்து ஏற வேண்டாம், அறியாத ஆளிடம் போக வேண்டாம். காசிமாவுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தைதான். திருப்பூர் அக்கா எழுதிய தடைகளில் முக்கால்வாசி அங்கே பிறக்கவே இல்லை.

கண்ணகி நகரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வேலை தேடும்போது முகவரியைச் சொல்லவே தயங்கும்படி அந்த மறுகுடியமர்வுப் பகுதிக்கு வெளியே ஒரு பெயர் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி. எல்லோரும் கார்த்திகாவைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, அவர் பதக்கம் வாங்குவதற்கு முன்பே அதே குடியிருப்பில் கபடிப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த மற்றப் பெண்களை. பக்கத்து பிளாக் அக்கா போகிறாள் என்பதால் தங்கை போகிறாள். தங்கை போவதால் அவள் தோழி போகிறாள். உங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இந்திய அணி வெகு தொலைவு. அதே ஊரில் பிளஸ் டூ படித்துக்கொண்டே விளையாடும் அக்கா ஒருத்தி இருந்தால் அவள் பேச்சு எடுபடும்.

இன்னொரு கசப்பான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பல பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளை என்பது ஏற்கெனவே நன்றாக ஆடும் பத்துப் பேரைக் குறுவட்டப் போட்டிக்குத் தயார்செய்யும் நேரமாகிவிட்டது. பந்து அவர்களிடம், ஆசிரியரின் கண்ணும் அவர்களிடம். மற்றவர்கள் பார்வையாளர்கள். இதில் மாணவிகள் மட்டுமன்றி, கிரிக்கெட் ஆடத் தெரியாத, உடல் பருத்த, மெதுவாக ஓடும் பையன்களும் அடங்குவார்கள். அணி பிரிக்கும்போது கடைசி வரை யாரும் கூப்பிடாமல் நிற்கும் அனுபவத்தை வாரந்தோறும் பெறுகிறவன் விளையாட்டை வெறுப்பதில் வியப்பில்லை. அவனையும் ஆர்வமில்லாதவன் என்றுதான் பள்ளி பதிவு செய்யும்.

கேள்வி கேட்டவர்: உடற்கல்வி ஆசிரியர், கடலூர் மாவட்டம்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நான் பெற்றோரையும் ஊரையும்தான் மனத்தில் வைத்துக் கேட்டேன். நீங்கள் சொன்னவற்றில் பாதி பள்ளியின் கையிலேயே இருக்கிறது. பாடவேளையை முற்பகலுக்கு மாற்றுவதற்குத் தலைமையாசிரியரிடம் பேச முடியும். உடை மாற்றும் இடமும் கழிப்பறைத் தண்ணீரும்தான் கடினம்; அவற்றுக்கு நிதி வேண்டும், முதலில் யாராவது அதை ஒரு தேவை என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். நான் ஆண் என்பதால் இந்தப் பேச்சை மாணவிகளிடமோ தாய்மார்களிடமோ எப்படி எடுப்பது என்பதிலும் தயக்கம் இருக்கிறது.

பதில்: கல்லூரி உடற்கல்வி இயக்குநர், மதுரை

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பயன்படுத்துங்கள் ஐயா. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் அந்தக் கூட்டத்தில் தாய்மார் வாயிலிருந்து வந்தால் அது தீர்மானமாகும். நீங்கள் கேட்டால் விளையாட்டு ஆசிரியரின் ஆசையாக நின்றுவிடும். மாணவிகளிடம் நீங்கள் நேரடியாகப் பேச வேண்டியதில்லை. அறிவியல் ஆசிரியையோ தமிழாசிரியையோ ஒருவர் துணைக்கு வந்தால் போதும். மாதவிடாய் நாளில் காரணம் சொல்லாமலேயே எண்ணிக்கை எழுதுவது, நடுவர் பணி செய்வது போன்ற வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்ற வழக்கத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிடுங்கள். பிறகு யாரும் வயிற்றுவலி என்று சொல்ல வேண்டியிருக்காது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். இப்போது ஏழாம் வகுப்பில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்த ஆண்டே போய்ப் பேசுங்கள். மஞ்சள் நீராட்டு விழாவுக்கான பத்திரிகை அச்சடிக்கும் முன்பே அந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டும். நின்றுபோன மாணவிகளுக்கு வளையப்பந்தும் இறகுப்பந்தும் கொடுத்துப் பாருங்கள். உடலோடு உடல் மோதாத, சுடிதாரோடும் ஆடக்கூடிய ஆட்டங்கள் என்பதால் திரும்பி வருவது அவர்களுக்கு எளிதாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்: உடற்கல்வி ஆசிரியர், கடலூர் மாவட்டம்

வளையங்கள் பள்ளியில் இருக்கின்றன. வலை கிழிந்திருக்கிறது, மாற்றிவிடலாம். மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கான பொருள் பட்டியலில் உடை மாற்றும் அறையைச் சேர்க்கும்படி தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுக்கிறேன். யாழ்ப்பாண ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள்: முதலிடம் பெறாத பிள்ளைகளும் இல்லத்துக்குப் புள்ளி பெறும் முறையில், எந்த வயதுக்கு எந்தத் தூரத்தை எவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள்? அந்த அட்டவணையை இங்கே பதிவிட முடிந்தால், எங்கள் வெயிலுக்கும் மண் திடலுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்வேன்.